டெலஸ்கோப் வாங்கினால் சரியாகுமா?

கேள்வி: போன ஜூனில் எங்கள் ஃபிளாட் மொட்டைமாடியிலிருந்து தனுசு ராசியில் இருக்கும் லகூன் நெபுலாவை (விண்வெளி வாயு மேகம்) 135 மி.மீ. லென்ஸில், 15 விநாடி வைத்து எடுத்தேன். வானம் முழுக்க ஆரஞ்சு, நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக, நெபுலா மட்டும் வெளுத்த திட்டு. மற்றவர்கள் படத்தில் சிவப்பாக ஜொலிக்கிறதே! டெலஸ்கோப் வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஆகாது, காசை வீணாக்காதீர்கள். லகூன் முழுநிலவைப் போல மூன்று மடங்கு அகலம், உங்கள் லென்ஸே அதற்குத் தாராளம்.

சிவப்பு எங்கே போனது என்றால், உங்கள் கேமராவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அங்கே இருப்பது ஹைட்ரஜன் வாயு. பக்கத்திலுள்ள சூடான நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு அது 656.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது, ஆனால் சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், தோல் நிறம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மிச்சம் வருவதையும் ஊர் வெளிச்சம் மூழ்கடித்துவிடுகிறது. அந்த ஃபில்டரைக் கழற்றி மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

முதலில் வாங்க வேண்டியது ட்ராக்கர், அதாவது வானம் நகரும் வேகத்துக்கே கேமராவைத் திருப்பும் கருவி. 135 லென்ஸில் இரண்டு விநாடி தாண்டினாலே நட்சத்திரம் இழுபடும். ட்ராக்கர் இருந்தால் 30 விநாடி, 60 விநாடி என்று பல படங்களாக, மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்து, சிரில் மாதிரி இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், அந்த மங்கல் சிவப்பு மெல்ல மேலே வரும். ட்ராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். இதில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு: அந்த நட்சத்திரம் பினாங்கில் அடிவானத்திலிருந்து 5 பாகைதான், கட்டடத்துக்கும் மூட்டத்துக்கும் பின்னால் போய்விடும், ட்ராக்கரைத் தாங்கும் பல மவுண்ட்கள் அவ்வளவு தாழ்வாகச் சாயவும் சாயாது. ட்ரைபாடின் வடக்குக் காலைக் கொஞ்சம் குட்டையாக்குங்கள். திசைக்குக் காம்பஸ் போதும், இந்த லென்ஸுக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை.

அப்புறம் மொட்டைமாடியை விட்டு வெளியே வாருங்கள். லகூன் இருப்பது தெற்கில், ஆகவே பினாங்குத் தீவில் தெற்கே கடல் இருக்கும் கெர்தாக் சங்குல் பக்கம் நல்லது. ஆடி அமாவாசையை ஒட்டி இரவு பத்து, பதினொரு மணிக்கு அது தன் உச்ச உயரத்துக்கு வரும், விருச்சிகத்தின் வாலுக்கு இடப்புறம் சற்று மேலே தேடுங்கள். லண்டன்காரர்களுக்கு 14 பாகை உயரத்தைத் தாண்டாத பொருள் நமக்கு 60 பாகையில் நிற்கிறது, அந்த அதிர்ஷ்டத்தை ஆரஞ்சு விளக்குக்குப் பலிகொடுக்க வேண்டாமே! புகைமூட்டம் இருந்தால் மட்டும் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று, ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.