ஆறு நாள் கல், ஒரு நாள் ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிரானைட் வியாபாரத்தில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘நடுவில் இரண்டு வருடம் சீனாவில் இருந்தேன்’ என்று ஒரே ஒரு வரி வருகிறது. அடுத்த வரியிலேயே ஊருக்குத் திரும்பிவிடுகிறீர்கள். அந்த இரண்டு வருடத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நான் பிளாஸ்டிக் மோல்டு செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஆறு மாத வேலையாக டோங்குவான் போகிறேன். முன்பே போய்வந்த சீனியர் ஒருவர் எக்செல் ஷீட் போட்டுத் தந்திருக்கிறார். பெய்ஜிங், பெருஞ்சுவர், ஷாங்காய், சியானின் களிமண் வீரர்கள், குய்லின் என்று ஒவ்வொரு சனி ஞாயிறுக்கும் ஓர் ஊர். பார்த்தாலே மூச்சு வாங்குகிறது. திங்கள் காலை வேலைக்கு வந்து நிற்க வேண்டுமே! போகாவிட்டாலோ, ‘அவ்வளவு தூரம் போய் ரூமிலேயா கிடந்தாய்’ என்பார்கள். நான் முட்டைகூடச் சாப்பிடாதவள். என்ன செய்யலாம்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். இரண்டு வருடம் இருந்தும் நான் பெருஞ்சுவரைப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். இல்லை என்று சொன்னதும் பேச்சு சீனாவை விட்டு வேறு பக்கம் போய்விடும்.

நான் இருந்தது ஷுய்தோ. ஃபூஜியான் மாகாணத்தில், ஷியாமென் துறைமுகத்திலிருந்து அதிகத் தூரமில்லை. சுவான்சோ மாநகரத்துக்கு உட்பட்ட சின்ன ஊர். (சுவான்சோ வேறு, உங்கள் டோங்குவானுக்குப் பக்கத்திலுள்ள குவாங்சோ வேறு. டிக்கெட் எடுக்கும்போது பார்த்து எடுங்கள்.) தெரு தெருவாகக் கல்தான். பிரேசில் கல், இத்தாலிக் கல், நம் மேலூர்ப் பக்கத்துக் கல் எல்லாம் பிளாக்காக, அதாவது முழுப் பாறைக்கட்டியாக வந்து, ஸ்லாபாக, பலகைபோல அறுபட்டுப் போகும். மேலூர்க் கல்லுக்கு வியாபாரத்தில் பெயர் ‘காஷ்மீர் ஒயிட்’. காஷ்மீருக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

ஸ்லாபுகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கல் முழுக்க உலர்ந்த பிறகும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நிற்கும். கிராக். அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்குவது என் வேலை. நான் வட்டம் போடும்போதெல்லாம் முதலாளி சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்கு வந்தவர்போல் பக்கத்தில் நிற்பார். வாரத்தில் ஆறு நாளும் இதுதான். சீனாவில் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை 1995லேயே வந்துவிட்டது. நான் இருந்த கல் யார்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பகல் 12 மணிக்கு எல்லோரும் படுத்துவிடுவார்கள். மடக்குக் கட்டில், அட்டைப்பெட்டி, மேஜை என்று கிடைத்த இடத்தில் தூக்கம். ஆபீஸில் விளக்கை அணைத்துவிடுவார்கள். முதல் வாரம் நான் மட்டும் விழித்துக்கொண்டு யார்டில் திரிந்தேன். வாட்ச்மேன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாம் வாரம் நானும் படுத்துவிட்டேன்.

எழுந்ததும் டீ. முதலாளி அறையில் மேஜை என்று இருப்பதே டீ போடத்தான். முதல் தண்ணீரை இலைமேல் ஊற்றிக் கீழே கொட்டிவிடுவார், அது இலையைக் கழுவ. அடுத்தது இரண்டு மடக்குக்கு மேல் பிடிக்காத குட்டிக் கிண்ணத்தில் வரும். காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார். விலைப் பேச்சு மூன்றாம் சுற்றுக்கு முன்னால் கிடையாது. பெய்ஜிங் சீனத்தில் டீக்குப் பெயர் ‘சா’. இந்தக் கடற்கரைப் பேச்சில் ‘தே’. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டச்சுக்காரர்கள் மூலமாகக் கப்பலேறி ஊர் சுற்றிய அந்தச் சொல்தான் நம் தேயிலையில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே ‘சாய்’ ஆனது மற்றது.

உங்கள் சீனியர் செய்ததை நானும் ஒருமுறை செய்தேன். சனிக்கிழமை மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு ஷாங்காய் ஓடினேன். போக வர ரயிலிலேயே ஒரு பகல் அளவு நேரம் போயிற்று. மிச்ச நேரத்தில் ஆற்றங்கரையில் ஆயிரம் பேரோடு நின்று அக்கரைக் கட்டடங்களைப் போட்டோ எடுத்தேன். திங்களன்று இரண்டு கிராக்கைக் கவனிக்காமல் விட்டேன். அதன்பிறகு போகவில்லை.

ஆன்பிங் பாலத்தைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். கண்டுபிடித்தேன் என்பது அதிகம், அது ஷுய்தோவில்தான் தொடங்குகிறது. 1138இல் கட்ட ஆரம்பித்த கல்பாலம், 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அன்று அடியில் கடல். இன்று சேறும் குளமும். ஓர் உத்தரக் கல் 25 டன் வரை இருக்கும் என்கிறார்கள். எங்கள் யார்டில் அந்த எடைக்குக் கேன்ட்ரி கிரேன் வர வேண்டும், இரண்டு பேர் விசில் ஊத வேண்டும். சுவான்சோவுக்கு வெளியே இதைவிடப் பழைய லோயாங் பாலம் ஒன்று உண்டு. 1053லிருந்து 1059 வரை கட்டியது. அதில் கல்லைப் படகில் ஏற்றி, கடல் ஏறும்போது கொண்டுவந்து நிறுத்தி, வடியும்போது தூணின்மேல் உட்காரவைத்தார்களாம். அடிக்கற்கள் நகராமல் இருக்க அவற்றின்மேல் சிப்பி வளர்த்திருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு வளர்வது சிப்பியின் குணம், சிமெண்ட் செலவில்லை. கல் வேலையில் இல்லாதவனாக அங்கே போயிருந்தால் ‘அடடா, பழைய பாலம்’ என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். ஆறு நாள் கிரேன் சத்தம் கேட்டவனுக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு தலைவலியாகத் தெரிந்தது. மாலை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பாலம் முடிகிற இடம் ஆன்ஹாய். அங்கே தள்ளுவண்டியில் கண்ணாடிபோல ஒரு ஜெல்லி விற்றார்கள். போனில் பெயரை மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘மண் மூங்கில்குருத்து ஜெல்லி’. ஆகா, சைவம் என்று வாங்கினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் நார் நாராக இருந்தது குருத்து அல்ல, கடற்கரைச் சேற்றில் தோண்டியெடுக்கும் புழு. நான் எதையும் தின்பவன், நல்ல ருசி. நீங்கள் பெயரை நம்பாதீர்கள். டோஃபு என்று வருவதிலும் பன்றிக் கொத்துக்கறி தூவியிருக்கும். ‘வோ ச்சர் ஸூ’, நான் சைவம் என்று சொல்லுங்கள், எழுத்திலும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பௌத்தக் கோயில் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பக்கத்திலேயே சைவச் சாப்பாட்டுக்கடை இருக்கும். அங்கே முட்டைத் தொல்லையும் குறைவு.

கோயில் என்றதும் கையுவான் கோயில் ஞாபகம் வருகிறது. ஒரு ஞாயிறு முதலாளியின் டிரைவர் என்னைச் சுவான்சோ கூட்டிப்போவதாக ஏற்பாடு. எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் துப்பாக்கிபோல நீட்டிக் காட்டினார். இரண்டு விரல், இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குக் கீழே இறங்கினால் ஆளில்லை. அங்கே அந்தச் சைகைக்கு எட்டு என்று அர்த்தம். பாவம், காலையில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார். வேறு வழியில்லாமல் அன்றுதான் நானே பஸ் ஏறினேன். அதுவரை வண்டி, டிக்கெட், சாப்பாடு எல்லாம் அடுத்தவர் கையில்.

கோயில் கி.பி. 686இல் தொடங்கியது. பெரிய மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் 16 பட்டையுள்ள இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. வட்டம் வட்டமாகச் சிற்பம். குனிந்து பார்த்தால் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். இன்னொரு வட்டத்தில் கண்ணன் கோபியர் புடவையோடு மரத்தில் உட்கார்ந்திருக்கிறான். வேறொன்றில் கஜேந்திர மோட்சம். நகரத்தில் ஒருகாலத்தில் தமிழ் வணிகர்கள் கட்டிய கோயில் இருந்து அழிந்தது. அதன் தூண்களை எடுத்து, புத்தர் கோயிலைப் புதுப்பித்தபோது இங்கே நட்டுவிட்டார்கள். இதே நகரத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘செகசை கான் திருமேனிக்கு நன்றாக’ச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. செகசை கான் வேறு யாருமில்லை, அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். ‘பர்மான் படி’, அதாவது அரசாணைப்படி என்றும் அதில் வருகிறது. வெளியூரில் இருப்பவனுக்கு அன்றும் பேப்பர் வேண்டியிருந்திருக்கிறது.

சுவான்சோ அப்போது யுனெஸ்கோ பட்டியலில் இல்லை, 2021இல்தான் சேர்த்தார்கள். தாழ்வாரத்தில் நானும் ஒரு காவலாளியும் மட்டும். கை தானாகப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டது. தூணில் கிராக் இருக்கிறதா பார்க்க! அவர் போட்ட அதட்டலில் பாட்டில் கீழே விழுந்தது.

அன்றிரவு அங்கேயே தங்கப் போனால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியாது என்று ஒரு சின்ன ஹோட்டலில் திருப்பி அனுப்பினார்கள். அப்படி மறுக்கக் கூடாது என்று 2024இல் அரசே சொல்லிவிட்டது. ஆனாலும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் பக்கத்து ஊருக்குக்கூடக் கிளம்பாதீர்கள், ரயில் டிக்கெட்டே அந்த எண்ணில்தான். அங்கே போனிலேயே பணம் கட்ட உதவும் அலிபேயிலோ வீசாட்டிலோ கார்டை இங்கிருந்தே சேர்த்துவிடுங்கள். அக்டோபர் 1 தேசிய தின விடுமுறையை ஒட்டி ஒரு சனியோ ஞாயிறோ வேலைநாளாக மாறும், காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

எக்செல் ஷீட்டை அழிக்க வேண்டாம், ஒரு நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வாரங்களில் டோங்குவானுக்குள்ளேயே ஹூமன் போய்வாருங்கள். 1839இல் சீன அரசின் அதிகாரி லின் சஸு ஆங்கிலேயரின் அபினை 20,000 பெட்டிக்கு மேல் அழித்த இடம். அபின் விளைந்தது நம் நாட்டில். அதே மாகாணத்து ஃபோஷானில் 500 வருடமாக அணையாத சூளை ஒன்றும் இருக்கிறது. மோல்டு பார்க்கிற கண்ணோடு போனால் என்னைவிட அதிகம் பார்ப்பீர்கள்.

மறுநாள் திங்கள், தூணின் படத்தை யார்டு ஃபோர்மேனிடம் காட்டினேன். ஹுய்ஆன்காரர், அங்கே பரம்பரையாகச் சிற்பவேலை. கண்ணனை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, வட்டத்தின் விளிம்பை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு போனில் பேசி மொழிபெயர்த்துக் காட்டினார்: ‘இது எங்கள் ஊர் உளி.’ சாமி எங்கள் ஊர் என்று நான் பதிலுக்குப் போட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, ‘தே’ ஊற்றினார்.

அன்புடன்