சாயம் பூசாமல் குடல் நரம்பைப் பார்க்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

‘செல்லை நமக்குக் காட்டுவது நுண்ணோக்கி அல்ல, சாயம்தான்’ என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என் அக்காவின் குழந்தை பிறந்து மூன்று நாளாகியும் மலம் கழிக்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய், குடலில் நரம்பணுக்கள் இல்லை என்றார்கள். ஆபரேஷனின் நடுவே ஒரு துணுக்கை லேபுக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை டாக்டர்கள் காத்திருந்தார்களாம். இப்போது பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த நரம்பணுக்களை அங்கேயே, அப்போதே பார்க்க வழியே இல்லையா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

பையன் நலம் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. சாயமில்லாமலும் பார்க்கலாம். அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன்.

கருவின் நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை, நரம்பணுக்களாக மாறப்போகும் முன்னோடிச் செல்கள் கழுத்துப் பக்கமிருந்து வந்து குடலில் நுழைந்து ஆசனவாயை நோக்கி நகர்கின்றன. வழியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதிக்கு நரம்பணுக்கள் இல்லை. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. அந்தப் பகுதி தளர முடியாமல் இறுகியே கிடக்கும். அதற்கு மேலே உள்ள நல்ல குடல் மலம் தேங்கி வீங்கும். கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-இல் இதை விவரித்தபோது, வீங்கிய குடலைத்தான் நோயுற்றது என்று எண்ணினார். பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் ஒடுங்கிய பகுதியை வெட்டி நீக்கும் அறுவையை ஆர்வார் ஸ்வென்சன் வெளியிட்டது 1948-இல். வெறுங்கண் இவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறது. அதனால்தான் துணுக்கை உறையவைத்து, சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள்.

செல் பெரும்பாலும் தண்ணீர். ஒளி அதனூடே போய்விடும். சாயம் தேவைப்பட்டது அதற்காக. ஆனால் உயிருள்ள செல்லுக்குச் சொந்த வெளிச்சமும் உண்டு. ஆற்றல் உண்டாக்க உதவும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு, புற ஊதா பட்டால் நீலமாக ஒளிரும். புற ஊதாவோ திசுவைக் கெடுக்கும், ஆழமும் போகாது. பாதி ஆற்றலுள்ள இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் ஒன்றின் வேலையைச் செய்யும் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931-இல், தன் ஆய்வேட்டில், கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போது லேசரே கிடையாது! 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்தக் கணக்கு ஒரு நுண்ணோக்கியானது. அகச்சிவப்பு லேசர் குவியும் புள்ளி மட்டுமே ஒளிர்வதால், கத்தி படாமலே திசுவை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். நரம்பணுவின் உடல் மினுங்கும், உட்கரு மட்டும் இருண்ட வட்டமாக நிற்கும். சுற்றியிருக்கும் கொலாஜன் என்ற இழைப்புரதம் வேறு நிறத்தில் ஒளி தந்து அந்த நரம்பணுக் கூட்டத்துக்கு வேலி போடும். இத்தனையும் சாயமின்றி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் சற்று மாறும் ராமன் விளைவைக் கொண்டு மூளைக் கட்டித் துணுக்குகளைச் சாயமில்லாமல் அறுவை அறையிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். குடலில் வேலை இன்னும் ஆய்வு நிலையில்தான். நரம்பணுக்களில் பல இரு தசையடுக்குகளுக்கு நடுவே இருக்கின்றன. தசையும் ஒளிரும், வடிவத்தை வைத்தே பிரித்தறிய வேண்டும். சில நூறு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்துக்குக் கீழே படம் மங்கிவிடும். குடலும் அசைந்துகொண்டே இருக்கும்.

பச்சிளங்குழந்தையின் நரம்பணுக்கள் சிறியவை, முதிராதவை. சாயமேற்றிய பின்னும் அவற்றை அடையாளம் காண்பது கடினம். அன்று லேபில் அந்தத் துணுக்கைப் பார்த்து அவசரப்படாமல் பதில் சொன்னவருக்கு, முகம் தெரியாவிட்டாலும், நானும் நன்றி சொல்கிறேன்.