பச்சைச் சட்டை யாருடையது?

அன்புள்ள சார்,

விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து 'தி மேஜிக்கல் லெஜண்ட் ஆஃப் த லெப்ரகான்ஸ்' பார்த்தேன். 1999இல் வந்த இரண்டு பாகத் தொலைக்காட்சிப் படம். அயர்லாந்துக்கு வரும் ஓர் அமெரிக்கர், அவர் காதலிக்கும் பெண். அதே ஊரில் லெப்ரகான் (ஐரிஷ் நாட்டார் கதைகளில் வரும் குட்டி மனிதன்) பையனுக்கும் தேவதை இளவரசிக்கும் காதல், அதனால் இரண்டு கூட்டத்துக்கும் போர். மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, எனக்கும்தான். அப்புறம் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். சிலர் 'என் சின்ன வயசே இந்தப் படம்தான்' என்கிறார்கள். சிலர் 'ஐரிஷ்காரர்களைக் கேலி செய்யும் குப்பை, ரோமியோ ஜூலியட் காப்பி' என்று கிழிக்கிறார்கள். நான் ரசித்தது தப்பா?

ம.

அன்புள்ள ம.,

தப்பே இல்லை. காப்பி என்கிறவர்கள் ஏதோ துப்புத் துலக்கிவிட்டதுபோலச் சொல்வதுதான் வேடிக்கை. பகைக் குடும்பங்கள், கள்ளக் காதல், கடைசியில் விஷம் வரைக்கும் எல்லாவற்றையும் படமே பகிரங்கமாகக் கடை பரப்பியிருக்கிறது. கேலி என்ற புகாரில் கொஞ்சம் நியாயம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகச் சமைத்த அயர்லாந்து அது. ஆனாலும் லெப்ரகான் அப்பாவாக வரும் கோல்ம் மீனி டப்ளினில் பிறந்தவர். அவர் வரும் காட்சிகளில் எனக்குக் கேலி தெரியவில்லை, குறும்புதான் தெரிந்தது.

என் குறை வேறு. 1888இல் கவிஞர் யேட்ஸ் ஐரிஷ் நாட்டார் கதைகளைத் தொகுத்தபோது அந்தச் சின்ன மனிதர்களை இரண்டாகப் பிரித்தார். கூட்டமாகத் திரிகிறவர்கள் ஒரு வகை, தனியாகத் திரிகிறவர்கள் இன்னொரு வகை. லெப்ரகான் இரண்டாவது வகை. செருப்புத் தைப்பது அவன் தொழில். வேலி ஓரமாக உட்கார்ந்து ஒரு செருப்பைத் தட்டிக்கொண்டிருப்பான். பிடித்தால் புதையலைக் காட்டித்தான் ஆகவேண்டும், ஆனால் கண்ணை எடுத்தால் ஆளே இருக்க மாட்டான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது.  படம் அவனுக்கு மனைவி, மகன், பட்டாளம் என்று ஒரு குடித்தனமே வைத்துக் கொடுத்துவிட்டது. தனியாகத் திரிகிறவனுக்குக் குலம் ஏது, குலப்பகை ஏது?

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. யேட்ஸ் சொல்வதன்படி பச்சைச் சட்டை போடுகிறவர்கள் கூட்டத் தேவதைகள். தனியன்களுக்குச் சிவப்பு. லெப்ரகானின் சிவப்புச் சட்டையில் ஏழு வரிசை பித்தான், வரிசைக்கு ஏழு. இன்று உலகம் முழுக்க வாழ்த்து அட்டைகளில் அவன் போட்டிருப்பது எதிர்க்கட்சிச் சட்டை!

சட்டை நிறத்துக்காக நான் படத்தோடு சண்டை போட மாட்டேன். நாட்டார் கதை வாய்க்கு வாய் மாறத்தான் செய்யும். ஆனால் இவர்கள் எடுத்துவிட்டது பயத்தை. அயர்லாந்தில் தேவதைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'நல்லவர்கள்' என்பார்கள். நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிறோமே, அந்த மாதிரி 'நல்ல'. லெப்ரகானே முதலில் தலைகாட்டுவது ஆளைத் தூக்கிப் போகிறவனாகத்தான். ஃபெர்கஸ் மக் லேட்டி என்ற அல்ஸ்டர் அரசனின் மிகப் பழைய கதையில், கடற்கரையில் தூங்கும் அவனைச் சின்ன உருவங்கள் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகின்றன. கால் தண்ணீரில் பட்டு, குளிர்ந்து, விழித்துக்கொண்டதால் பிழைத்தான். பான்ஷீ சில பழைய குடும்பங்களில் சாவு விழப்போவதை முன்கூட்டியே ஒப்பாரி வைத்துச் சொல்கிறவள். படத்தில் அவளாக வருபவர் அமெரிக்க நடிகை வூப்பி கோல்ட்பர்க். இரண்டு தரப்புக்கும் நாட்டாமை. அவர் வந்தாலே படம் களைகட்டுகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு யாரும் வீட்டில் ஆட்களை எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

இந்தப் பயம் கதையோடு நின்றதும் இல்லை. 1895இல் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜிட் கிளியரி என்ற பெண்ணைக் கணவனே தீவைத்துக் கொன்றான். 'இவள் என் மனைவி அல்ல, தேவதைகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் இவளை வைத்துவிட்டார்கள்' என்பது அவன் வாதம். பதினைந்து வருஷம் சிறையில் இருந்தான்.

அதற்காகக் குழந்தைகள் படத்தில் இதையெல்லாம் காட்டச் சொல்லவில்லை. பயத்துக்கு மென்மையான முகமும் உண்டு. இந்தப் படம் வந்த அதே 1999இல், கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் நெடுஞ்சாலை போட வந்தார்கள். வழியில் ஒற்றை முள்மரம். எடி லெனிஹன் என்ற கதைசொல்லி வெட்டாதீர்கள் என்று பத்திரிகைக்கு எழுதினார். தெற்கேயுள்ள மன்ஸ்டர் தேவதைகள் மேற்கேயுள்ள கொனாக்ட் தேவதைகளோடு சண்டைக்குப் போகும் வழியில் கூடுகிற மரம் அது, வெட்டினால் சாலையில் விபத்துதான் நடக்கும் என்றார். சிரித்தவர்கள் உண்டு. ஆனால் சாலை மரத்தை விட்டுத்தான் போனது. 2002இல் யாரோ ரம்பத்தால் கிளைகளை அறுத்துப் போட்டார்கள். மரம் மறுபடி துளிர்த்துவிட்டது.

படத்திலும் தேவதைப் போர்தான், அங்கேயும் தேவதைப் போர்தான். படத்தின் போரில் வாணவேடிக்கை அதிகம். லட்டூனில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை, ஆனால் பொறியாளர்கள் வரைபடத்தைத் திருத்தினார்கள். எனக்கு இரண்டாவது போர்தான் பிடித்திருக்கிறது.

மகள் இன்னொரு தடவை பார்க்க ஆசைப்பட்டால் பார்க்கட்டும். லெப்ரகானுக்கு ஏன் ஓயாமல் செருப்பு வேலை என்று கேட்டால், தேவதைகள் ராத்திரி முழுக்க ஆடி ஆடிச் செருப்பைத் தேய்த்துவிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். அவர்களோடு ஏழு வருஷம் ஆடிவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றியும் யேட்ஸ் எழுதியிருக்கிறார். திரும்பி வந்தபோது அவளுக்குக் கால்விரல்களே இல்லை, எல்லாம் ஆடியே தேய்ந்துபோய்விட்டன. இதை விளக்கணைத்த பிறகு சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.