பாட்டு ரெக்கார்டிங், மிக்ஸிங் வேலைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்? கேமிங் லேப்டாப் போதுமா?

கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் எடுத்தால் "எல்லாத்துக்கும் தாங்கும்" என்று கடையில் சொன்னார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வார்த்தையை என்னிடமும் ஒரு கடையில் சொன்னார்கள். நம்பி 85 ஆயிரம் கொடுத்தேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கல்லூரியில் படிக்கிறீர்கள், "ப்ராஜெக்டுக்கு வேணும்" என்று அப்பாவிடம் சொல்லி வாங்கப் போகிறீர்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் முதல் லேப்டாப் வாங்கின கதை அதுதான்.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறேன். சுவரெல்லாம் பழைய மெத்தையும் சமுக்காளமும். கிறிஸ்தவப் பாடல்கள், ஆட்டோவில் ஓடும் விளம்பரக் குரல், கோயில் கொடைத் திருவிழா சீசனில் வில்லுப்பாட்டு, இவைதான் என் பிழைப்பு. சினிமாவுக்கு வேலை செய்ததில்லை. "நீ என்ன பெரிய சவுண்டு இன்ஜினியரா" என்று கேட்க வருகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கேமிங் லேப்டாப் வந்த இரண்டாவது வாரம், களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழு ரெக்கார்டிங்குக்கு வந்தது. கதை பாடுகிற புலவருக்கு எழுபது வயது இருக்கும். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாவற்றையும் அந்தச் சின்ன அறைக்குள் அடக்கி, மைக் வைத்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. புலவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு வரி பாடினார், கழற்றிவிட்டார்.

"தம்பி, என் குரல் எனக்குப் பின்னால ஓடி வருதுல்லா."

அவர் சொன்னது சரி. பஃபர், அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்புகிற சத்தத் துண்டின் அளவு, 1024 சாம்பிளில் இருந்தது. செகண்டுக்கு 48 ஆயிரம் சாம்பிள் வேகத்தில் அது சுமார் 21 மில்லி செகண்ட். குரல் லேப்டாப்புக்குள் போக ஒரு தடவை, திரும்பி ஹெட்போனுக்கு வர இன்னொரு தடவை, ஆக நாற்பதுக்கு மேல். பாடுகிறவருக்கு அது இடிக்கும். டைரக்ட் மானிட்டரிங் (குரல் லேப்டாப்புக்குள் போகாமல் நேரே ஹெட்போனுக்கு வருவது) போட வேண்டியதுதானே என்று யாராவது கேட்பீர்கள். அவருக்குக் காதில் எக்கோவோடு கேட்க வேண்டும், என்னிடம் இருந்த ஆடியோ இன்டர்பேஸில் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி) அந்த வசதி கிடையாது. சரி என்று பஃபரை 128-க்கு இறக்கினேன். அது மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவு. குரல் சரியாக வந்தது. புலவருக்குச் சந்தோஷம். சுடலைமாடன் கதையை எடுத்தார்.

பத்து நிமிடம் போயிருக்கும். குடத்துச் சத்தத்துக்கு நடுவே சட், சட் என்று ஏதோ வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஹெட்போனில் அது கேட்டதும் புலவர் பாட்டை நிறுத்தி, குடக்காரரை ஒரு பார்வை பார்த்தார். குடம் கீறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். குடக்காரர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, குடத்தை மடியில் சாய்த்து, காசால் சுற்றிலும் தட்டித் தட்டி காதை வைத்துக் கேட்டார். கணீர் என்றுதான் இருந்தது. புலவர் என் மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "குடத்துல ஒண்ணும் இல்ல. ஒம் பெட்டியிலதான் கீறல் இருக்கு."

அன்றைக்கு அந்தக் கட்டம் போனது போனதுதான். பாடினதைத் திரும்பப் பாடுவதில் அவருக்கு இஷ்டமில்லை, வேறு கதை பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் உட்கார்ந்து நோண்டினேன். பஃபர் 128 என்றால், ஒவ்வொரு மூன்று மில்லி செகண்டுக்குள்ளும் பிராசசர் அடுத்த துண்டுச் சத்தத்தைத் தயார் செய்து கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வைஃபை டிரைவரோ கிராபிக்ஸ் டிரைவரோ (அந்தந்தச் சாமானை ஓட்டுகிற மென்பொருள்) குறுக்கே வந்து பிராசசரைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டால், துண்டு வந்து சேராது. அந்த இடைவெளிதான் சட். விளையாட்டில் ஒரு பிரேம் தவறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், காது அப்படி விடாது. லேட்டன்சிமான் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எந்த டிரைவர் குறுக்கே வருகிறது என்று பெயரோடு காட்டும். என் லேப்டாப்பில் அந்த இரண்டு டிரைவர்களுமே மாட்டின. வைஃபையை அணைத்தேன், பவர் பிளானை மாற்றினேன், லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தேன். முக்கால்வாசி சரியானது. கிராபிக்ஸ் கார்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாட்டு வேலைக்கு அநேகமாகத் தேவையே இல்லாத அந்தச் சாமானுக்கு நான் பணமும் கொடுத்து, அது தந்த தொல்லையையும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்து சித்திரையில் ஒரு கொடை. நாங்குநேரிப் பக்கம், ஜெனரேட்டர் கரண்ட். சார்ஜரைச் செருகினால் எல்லா மைக்கிலும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். எர்த் சரியில்லை. பிடுங்கினால் இரைச்சல் நின்றது, ஆனால் பேட்டரிக்கு மாறினதும் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. போதாததற்கு அந்த வெக்கையில் ஃபேன் மாவு மில் மாதிரி ஓடுகிறது, உடுக்கை மைக்கில் அது பதிவாகிறது. கடைசியில் ஈரத்துணியைத் தாம்பாளத்தில் விரித்து, அந்தத் தாம்பாளத்தின் மேல் லேப்டாப்பை வைத்து ராத்திரியைக் கழித்தேன். இதை யாரும் செய்யாதீர்கள்.

கொடை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வாணவேடிக்கைக்கு லட்சக் கணக்கில் செலவு செய்கிற கமிட்டி, ரெக்கார்டிங் ஆளிடம் மட்டும் "அம்மனுக்குத்தானே அண்ணாச்சி, பாத்துச் செய்யுங்க" என்பார்கள். பாத்துச் செய் என்றால் இலவசமாகச் செய் என்று அர்த்தம். மறுநாள் காலையிலேயே "வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க" என்று வேறு கேட்பார்கள். எட்டு டிராக், 24 பிட், மணிக்கு நாலு ஜிபிக்கு மேல் வருகிறது. ஆறு மணி நேரம் பாடினால் 25 ஜிபி. எதை வாட்ஸ்அப்பில் அனுப்ப?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டிராக்கில் வரிசையாகப் போடுகிற பிளகின்களை (எக்கோ மாதிரி எஃபெக்ட் தருகிற மென்பொருள்கள்) பெரும்பாலும் பிராசசரின் ஒரே கோர்தான் சுமக்கும். அதனால் எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரேம் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா சாம்பிள்களை, அதாவது முன்பே பதிவு செய்த வாத்தியச் சத்தங்களை, வைத்து வேலை என்றால் 32. பல மெல்லிய மாடல்களில் ரேமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது, கேட்டு வாங்குங்கள். சாம்பிள்களுக்குத் தனியாக ஒரு எஸ்எஸ்டி. 4கே திரை, கலர் கலராக எரிகிற கீபோர்டு, இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

நான் கடைசியில் வாங்கினது 16 ஜிபி ரேமும் ஆப்பிளின் எம்1 சிப்பும் உள்ள பழைய மேக்புக் ஏர். ஆப்பிள் அடிமை என்று திட்ட வருகிறவர்களுக்கு: வீட்டில் யாரிடமும் ஐபோன் கிடையாது. 2020-ல் வந்த மாடல், ஃபேனே இல்லை, மைக் பக்கத்திலேயே வைக்கலாம். பேட்டரியிலும் அதே வேகம். குறையும் உண்டு. இரண்டே போர்ட், கனமான மிக்ஸிங்கை மணிக்கணக்காக ஓட்டினால் சூடேறி வேகம் குறையும், பழுதானால் தெருமுனைக் கடையில் கொடுக்க முடியாது. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத மாடலாகப் பாருங்கள். கடையிலேயே லேட்டன்சிமானை ஒரு கால்மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஆடியோ இன்டர்பேஸுக்கும் பட்ஜெட்டில் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள், முழுப் பணத்தையும் லேப்டாப்பில் போட்டுவிட்டு மைக்கை ஹெட்போன் ஓட்டையில் செருகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேமிங் லேப்டாப் இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. விளையாட்டுக்கு அருமையாக ஓடுகிறது, குறையே சொல்ல முடியாது என்கிறான்.