முதுகலையை விட்டு அவுஸ்பில்டுங்குக்கு மாறலாமா?

தம்பி, ஜெர்மனியில் ஆங்கில வழி முதுகலையின் மூன்றாம் செமஸ்டரில் தாள்கள் தேங்கிவிட்டன, அதை விட்டு மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவியலும் சேர்ந்த தொழில்) அவுஸ்பில்டுங்கில், அதாவது நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளியிலும் படிக்கும் தொழிற்பயிற்சியில், சேர்ந்தால் விசா என்னாகும், 27 வயதில் இது இறக்கமாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

உங்கள் வதிவிட அனுமதி படிப்பதற்காகத் தரப்பட்டது. மனம் வெறுத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து முதலில் பெயரை எடுத்துவிட்டால் அந்த அனுமதிக்கு அடிப்படையே இல்லாமல் போகும். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளை மூன்று முறைதான் எழுத முடியும் என்பதால், கடைசி வாய்ப்பு கையில் இருக்கும்போதே நிறுவனம் தேடத் தொடங்குங்கள். பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தாகி, வெளிநாட்டவர் அலுவலகம் அனுமதியை மாற்றித் தந்த பிறகே விலகல் கடிதம் கொடுங்கள். பயிற்சி ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். பெரிய நிறுவனங்கள் ஓராண்டு முன்பே ஆள் எடுத்துவிடுகின்றன. ஆய்வேடு மட்டும்தான் பாக்கி என்றால் மாற வேண்டாம், எப்படியாவது முடித்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 2025-இல் தொடங்கிய பயிற்சிக்கு முதலாண்டில் சட்டப்படி குறைந்தது மாதம் 682 யூரோ தர வேண்டியிருந்தது. தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு உட்பட்ட உலோகத் தொழில் நிறுவனங்களில் இது ஆயிரத்தைத் தாண்டும். வாரம் 20 மணி நேரம் வரை வேறு வேலையும் பார்க்கலாம். அப்படியும் செலவுக்குப் போதாதென்று அலுவலகம் கருதினால், பற்றாக்குறையை முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய வங்கிக் கணக்கு) காட்டச் சொல்வார்கள்.

உண்மையான சிரமம் ஜெர்மன் மொழிதான். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள்களில் பட்டறை. பாடம், தேர்வு, மேற்பார்வையாளரின் அதட்டல் எல்லாமே ஜெர்மனில்தான். பயிற்சிக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதி முடிக்காவிட்டால் இறுதித் தேர்வுக்கே அனுமதி கிடைக்காது. பி1 (இடைநிலை) மொழிச் சான்றிதழைக் காட்டி உள்ளே நுழைந்துவிடலாம், ஆனால் அதற்கு அடுத்த நிலையான பி2 இல்லாமல் தாக்குப்பிடிப்பது கடினம் என்பது என் கணிப்பு.

வயதுக்கு வரம்பு இல்லை, ஆனால் பக்கத்து இருக்கையில் பதினேழு வயதுப் பையன் உட்கார்ந்திருப்பான். அதற்கு மனம் பழக வேண்டும். மெக்கட்ரானிக்ஸ் பயிற்சிக் காலம் மூன்றரை ஆண்டு. உங்கள் பி.இ. படிப்பைக் காட்டி, நிறுவனமும் ஒப்புக்கொண்டால், அதைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். ஊரில் இதை ஐ.டி.ஐ. என்றுதான் சொல்வார்கள். இங்கே அவுஸ்பில்டுங் சான்றிதழ், படிப்புகளை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் ஜெர்மன் தகுதிச் சட்டகத்தில் நான்காம் நிலை. அதற்குமேல் மைஸ்டர் என்னும் உயர்நிலைத் தொழில் தகுதியை முடித்தால் ஆறாம் நிலை, அதாவது இளங்கலைப் பட்டத்துக்கு இணை. பயிற்சி முடித்து அதற்குரிய வேலையில் இரண்டு ஆண்டு இருந்தால், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்; இங்கே பட்டம் பெற்றவர்களுக்கும் அதே இரண்டு ஆண்டுதான்.

கையெழுத்திடுமுன் அந்த நிறுவனத்திலேயே இரண்டு வாரம் பயிற்சி வேலை கேட்டுப் பாருங்கள். மாணவராக ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இப்போதே இருக்கிறது.