டீசல் டேங்கில் அடிட்டிவ் ஊற்றினால் எரிதல் உண்மையிலேயே மேம்படுமா?

டீசல் பம்ப், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். வேலைக்கு வண்டி விடுபவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மேம்படும், ஆனால் கோளாறு எதுவோ அதற்கான அடிட்டிவ் (டீசலோடு கலக்கும் வேதிப்பொருள்) பாட்டிலாக இருந்தால் மட்டுமே.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. உடனே பற்றுவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். துளிகள் சிதற வேண்டும், ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும். இதற்கு ஆவது ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், பல சமயம் அதற்கும் குறைவு. அந்த இடைவெளியிலும் இன்ஜெக்டர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. தாமதம் நீண்டால் சேர்ந்துபோன டீசல் முழுவதும் ஒரே வீச்சில் பற்றுகிறது, அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. குளிர்ந்த இன்ஜினை முடுக்கியதும் கேட்கும் அந்தக் கடகட சத்தம் இதனால்தான்.

எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைக் காட்டுவது சீட்டேன் எண்; எண் கூடினால் சீக்கிரம் பற்றும். ஐரோப்பிய டீசல் தரமான இஎன் 590 குறைந்தது 51 கேட்கிறது. அமெரிக்கத் தரம் 40 போதும் என்கிறது. சீட்டேன் கூட்டும் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட். அதன் மூலக்கூறில் நைட்ரேட் பிணைப்பு வலுவற்றது. டீசல் உடையத் தொடங்கும் முன்பே அது உடைந்து, எரிதலைத் தொடங்கிவைக்கும் துகள்களை விடுகிறது. ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர் அளவே எண்ணைச் சில புள்ளிகள் உயர்த்திவிடும். அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. டீசலில் இருக்கும் ஆற்றலும் அதிகரிக்காது. ஏற்கெனவே நல்ல டீசல் போடுபவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது என்று பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோலுக்கான ஆக்டேன் பாட்டிலை டீசலில் ஊற்றவே கூடாது. ஆக்டேன் என்பது தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் குணம். டீசலுக்கு வேண்டியது நேர் எதிரானது.

அடுத்தது கழுவும் வகை. என்னிடம் வந்த ஒரு பழைய நாசிலை, அதாவது இன்ஜெக்டரின் துளையுள்ள நுனியை, கைப்பம்பில் மாட்டி அழுத்தினேன். நான்கு துளைகளில் மூன்றிலிருந்து பனிப்புகைபோல் டீசல் பரவியது. நான்காவதிலிருந்து கம்பிபோல் ஒரே கோடாக வந்து, நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அந்தக் கோட்டில் வரும் டீசலுக்குப் போதிய காற்று கிடைக்காது. அதுதான் கரும்புகையாக வெளியேறுகிறது. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் அமைப்பு) இன்ஜெக்டரில் துளை ஒவ்வொன்றும் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் வரைதான், ஆகவே மெல்லிய படிவே பீய்ச்சலைக் கெடுத்துவிடும். கழுவும் வேதிப்பொருளின் ஒரு முனை படிவைப் பற்றிக்கொள்கிறது, மறுமுனை டீசலில் கரைந்து அதை இழுத்துச் செல்கிறது. இரண்டு மூன்று டேங்க் ஓடினால்தான் பலன் தெரியும். நான் சொன்ன நாசிலிலோ டீசலைத் திறந்து மூடும் ஊசி உட்காரும் இடமே தேய்ந்திருந்தது. வண்டிக்காரர் அதற்கு முன் ஐந்து பாட்டில்கள் ஊற்றியிருந்தார். தேய்ந்த இரும்பை எந்தத் திரவமும் வளர்க்காது. நாசிலை மாற்றினோம், புகை நின்றது.

இரும்பு, சீரியம் சேர்ந்த வகைகளும் உண்டு. புகைக்கரி குறைந்த வெப்பத்திலேயே எரிய அவை உதவுகின்றன. ஆனால் அந்த உலோகம் எரியாமல் சாம்பலாக, புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியில் தங்கிவிடும். வண்டித் தயாரிப்பாளர் சொல்லாவிட்டால் ஊற்றாதீர்கள்.

உங்கள் வண்டியில் குளிரில் மட்டும் வெள்ளைப்புகையும் சத்தமும் வந்து, சூடானதும் அடங்கினால், முதலில் குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக்கைப் பாருங்கள்; அது சரியாக இருந்தால் சீட்டேன் பாட்டிலை முயலலாம். இழுவை மெல்ல மெல்லக் குறைந்து கரும்புகை கூடினால் ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டுக் கழுவும் வகையை ஊற்றுங்கள். மூன்று டேங்கிலும் மாற்றம் இல்லையென்றால் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள்.