25 எழுத்துச் சொல், எட்டு அசை: பிரெஞ்சு உச்சரிப்பு கேள்வி பதில்

பிரெஞ்சில் மிக நீளமான சொல் என்று பள்ளிப் பிள்ளைகள் காலங்காலமாகச் சொல்லிவருவது ஒரு 25 எழுத்துச் சொல்: anticonstitutionnellement. 'அரசியலமைப்புக்கு முரணாக' என்பது பொருள். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: இதை எங்கே பிரிப்பது?

பதில்: ஆ(ன்)–தி–கோ(ன்)ஸ்–தி–த்யு–ஸ்யொ–னெல்–மா(ன்). ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை மெய் நின்றால் அது பின்னால் வரும் உயிரோடுதான் சேரும். 'த்யு' என்று எழுதியது வேறு வழியில்லாமல். 'இ' சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவியுங்கள்.

கேள்வி: அடைப்புக்குள் இருக்கும் 'ன்'னை எப்படி ஒலிப்பது?

பதில்: ஒலிக்கவே வேண்டாம், அது மூக்கொலிக்கான அடையாளம். 'மரம்', 'அவன்' என்பவற்றைப் பேச்சுவழக்கில் சொல்லிப் பாருங்கள். உதடு மூடாது, நாக்கு மேலே ஒட்டாது, உயிரே மூக்கு வழியாக வந்து முடியும். நம் வாய்க்கு இது பழகிய வேலைதான். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 'ஆந்தி' என்று எழுதிப் படித்தால் 'பந்து'வில் வரும் தகரம் வந்துவிடும். இங்கே வேண்டியது 'பத்து'வின் தகரம். தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள். நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கேள்வி: 'அரசியலமைப்பு' என்ற பிரெஞ்சுப் பெயர்ச்சொல் 'ஸ்யோ(ன்)' என்று மூக்கொலியில் முடிகிறதே, இங்கே மட்டும் ஏன் 'ஸ்யொ'?

பதில்: பின்னால் உயிர் வந்துவிட்டது. அதனால் மூக்கொலி விலகி, னகரம் உண்மையான மெய்யாக அடுத்த அசைக்குப் போகிறது. எழுத்தில் இரண்டு இருந்தாலும் ஒலிப்பது ஒன்றுதான். 'ஸ்யொன்னெல்' என்று அழுத்த வேண்டாம்.

கேள்வி: என் புத்தகத்தில் ஒன்பது அசை காட்டியிருக்கிறார்களே?

பதில்: அது வரி முடிவில் சொல்லை உடைப்பதற்கான எழுத்துப் பிரிப்பு. 'னெல்'லுக்குப் பின் ஒரு மெல்லிய எகரம் எழுத்தில் உண்டு. பாரிஸ் பேச்சில் அது மறைந்துவிடும். தெற்கு பிரான்சில் மார்செய் நகரத்துப் பக்கம் போனால் அதைத் தெளிவாகவே கேட்கலாம். மரபுக் கவிதையிலும் மெய்க்கு முன் வரும் அந்த எகரத்தை எண்ணித்தான் 12 அசை அடியை அமைப்பார்கள்.

கேள்வி: நடுவிலேயே நாக்கு சிக்கிக்கொள்கிறது.

பதில்: கடைசியிலிருந்து ஏறுங்கள்: மா(ன்), னெல்மா(ன்), ஸ்யொனெல்மா(ன்). இப்படி ஒவ்வோர் அசையாக முன்னால் சேருங்கள். பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில் விழும். கடைசி அசை கைவந்துவிட்டால் மற்ற ஏழையும் ஒரே சீராக, எதையும் தூக்கிப் பிடிக்காமல் ஓடவிட்டாலே போதும்.